மூடி போடாத டின்

நம்பாவிட்டால் போங்கள், ஆனால் இது நடந்தது. 1964, ஆவணி மாதம், நெய்வேலி. பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்பார்கள். எனக்கு வாய்த்தது பட்டப்பகல் பன்னிரண்டேகாலுக்கு வந்தது. என் ராசி அப்படி.

சுரங்கத்துக்குப் போகும் உயர் அழுத்தக் கேபிளுக்கு ஜாயிண்ட் போடும் ராயப்பனிடம் நான் ஹெல்பர். கம்பியைச் சுற்றிய காகிதத்தின் மேல் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவோம். புதிதாக வந்த பாலிமர் பிசினை அதில் கலந்தால், எண்ணெய் வடியாமல் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே எதிரி ஈரம். துளி ஈரம் உள்ளே போனாலும் மின்சாரம் விட்டதும் ஜாயிண்ட் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவன் கதை முடிந்தது.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் பிசின் டின்னுக்கு மூடி போட மறந்து, டூரிங் கொட்டகைக்கு ஓடியவன் நான். ராத்திரி நல்ல மழை.

காலையில் மேலாக நின்ற தண்ணீரைத் துண்டால் ஒற்றி எடுத்தேன். டின்னை மூடாதவன், வாயை மட்டும் ஒழுங்காக மூடிக்கொண்டேன்.

ஈரம் இருந்தால் காய்ச்சும்போது சடசடவென்று பொரியும். ராயப்பன் சாப்பிடப் போயிருந்தார். சத்தம் வராதபடி பிசின் சட்டியை ஸ்டவ்வில் சிறு தீயில் வைத்தேன். கேட்டால், "காய்ச்சிட்டேங்க, சத்தமே இல்ல" என்று சொல்ல உத்தேசம். மூன்று மணிக்கு மின்சாரம். ஜாயிண்டை ஒட்டி நிற்கப்போவது அவர்தான்.

12.15. கேபிளுக்காகத் தோண்டிய பள்ளத்தின் எதிர் முனையில் ஒரு ஆள் குந்தியிருந்தார். காக்கிச் சட்டை. வந்த சத்தமே இல்லை. நிழல் விழுகிறதா என்று பார்த்தேன். உச்சி வெயிலில் எனக்கே நிழல் இல்லை!

"யாருங்க?"

நகர்ந்து வந்தார். சுடுகிற சட்டிக்குள் வலது கையை விட்டார். மணிக்கட்டு வரை...

முகம் சுளிக்கவில்லை.

சட... சட... சடசடசட...

ஸ்டவ் சிறு தீயில்தான் இருந்தது.

"நீயாச்சும் சொல்லிடு" என்றார்.

கண் சிமிட்டினேன்.

யாரும் இல்லை.

சட... சட...

ஓடிப்போய் ராயப்பனிடம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் திட்டவில்லை. வந்து சட்டியைக் கவிழ்த்தார். அன்றைக்கு ஜாயிண்ட் இல்லை.

"வலது கையில கட்டைவிரல் இருந்துச்சா?"

யோசித்தேன். "இல்லீங்க..."

அதற்குப் பிறகு, அது யாரென்று எப்போது கேட்டாலும் பீடி பற்றவைப்பார். அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, அவர் மாற்றலாகிப் போகும் நாளில், குறிஞ்சிப்பாடி பஸ்ஸுக்கு நின்றபோது அவராகவே வாய் திறந்தார்.

"அது தனகோட்டி. எனக்கு முன்னாடி இங்க ஜாயிண்ட் போட்டுக்கினு இருந்தவரு. அதே பள்ளத்துலதான் ஜாயிண்ட் வெடிச்சிப் போயிட்டாரு."

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பவில்லை.

"நான் அவருக்கு ஹெல்பர்டா. அன்னிக்கும் டின்னு மூடாமத்தான் கெடந்துச்சு. மூடாதவன் நான். சொல்லல."