மாணவியிடம் மன்னிப்புக் கேட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. உறவினர்களும் நண்பர்களும் கூடியிருக்கும் இந்நாளில், அவரைப் பற்றிச் சில வார்த்தைகளை நன்றியோடு எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்த்து அவரைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பினார். பல ஆண்டுகள் பிரசவ வார்டில் பணியாற்றி, என்னையும் தங்கையையும் அக்காதான் படிக்க வைத்தார். அக்காவின் கணவரான மாமாவுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் அங்கே குடிபோனார்கள். அங்கு ஒரு செவிலியர் பள்ளியில் அக்கா ஆசிரியையானார்.

மாணவியரை வார்டுக்கு அழைத்துப் போகுமுன் வகுப்பறையிலேயே அவர்களைப் பழக்குவார். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு மேசைமேல் படுத்து, அந்த ஊர்ப் பெண்கள் பேசும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறி வலியில் கத்துவார். பெண்கள் சிரிப்பார்கள். "சிரிக்காதம்மா, எனக்கு வலிக்குது. முதல்ல கையப் புடி, அப்புறம் என்ன பண்ணணும்னு யோசி" என்பார்.

ஒருநாள் காலை வார்டில், பிறந்தும் அழாத ஒரு குழந்தையை அக்கா கவனித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் சற்றுமுன் பிரசவித்த தாயிடம் இருந்தவர் மஞ்சுளா, உத்தனப்பள்ளியிலிருந்து வந்து படித்த மாணவி.

"மேடம், ரத்தம் நிறைய போகுது" என்றார் மஞ்சுளா.

"இப்பதான பெத்தா, கொஞ்சம் போகும். இரு" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

தலை சுற்றுவதாக அந்தத் தாய் தெலுங்கில் முனகியதும் மஞ்சுளா காத்திருக்கவில்லை. ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்துவிட்டார். ரத்தம் ஏற்றினார்கள். தாய் பிழைத்தார், அக்கா கவனித்த குழந்தையும் அழுதது.

அன்று மாலை அக்கா சாப்பிடவில்லை. "நான் இருன்னு சொல்லிட்டேன்டா தம்பி. அந்தப் புள்ள என் பேச்சக் கேட்டிருந்தா அந்தம்மா போயிருக்கும்" என்று என்னிடம் அழுதார்.

மறுநாள் வகுப்பில் நடந்ததை மஞ்சுளாவே இறுதிச் சடங்கன்று எங்களுக்குச் சொன்னார். எல்லோர் முன்னும் நின்று அக்கா பேசினாராம்: "நேத்து தப்பு என் மேல. மஞ்சுளா, என்னை மன்னிச்சிடு. இனிமே நீங்க யாரும், நானே இருன்னு சொன்னாலும் இருக்காதீங்க. மறுபடியும் கூப்பிடுங்க. வரலன்னா டாக்டர்கிட்ட ஓடுங்க."

வீட்டில் எங்களிடம்கூட வாதத்தில் எளிதில் தோற்காதவர் அக்கா. அதனால்தான் இதைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சிறுநீரகம் கெட்டு, பெங்களூரு மருத்துவமனையில் அக்கா தம் கடைசி மாதங்களைக் கழித்தார். மாமா உடனிருப்பதற்காகத் தங்கள் ஷிப்டை மாற்றிக்கொண்ட கம்பெனி நண்பர்களுக்கும், தினமும் பஸ்ஸில் கஞ்சி கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், தோளில் சுமந்து வழியனுப்பிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையில் தினமும் காலையில் வந்து அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட கன்னடத்துச் செவிலியர் அவர். எங்களைப் போலவே அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கடைசி நாளன்று, மூச்சு நின்ற பிறகும், "அக்கா, கொஞ்சம் திரும்புங்க" என்று கன்னடத்தில் மெல்லச் சொல்லிவிட்டுத்தான் உடம்பைத் துடைத்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ள அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி