ஹோலில் இரண்டு டைல்கள்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமாவோ வீட்டைப் பார்க்கவில்லை, காதால் கேட்டார்.

கையில் மோட்டார் சைக்கிளைப் பூட்டும் திறப்பு. அதால் வாசல் கதவைத் தட்டி, "தேக்குதான், பரவாயில்ல" என்றார். முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியைத் தட்டி, "அரைவாசிதான் கிடக்கு" என்றார். வாப்பா ஏறிப் பார்த்தார், அரைவாசியேதான். அல்லாஹ்வே, இந்த மனிசனுக்கு இருப்பது காதா, எக்ஸ்ரே மெசினா! நான் சர்பத் கரைக்கிற சாட்டில் உள்ளே ஓடினேன்.

காரணம் முன்னறை ஹோலில் இருந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் மேசன் பதித்த இரண்டு டைல்கள். அடியில் சீமெந்து பிடிக்கவில்லை. மற்றவை தட்டினால் 'டக்' என்னும், இவை 'டொக்' என்னும். முதல் நாள்தான் உம்மா விளக்குமாற்றுக் காம்பால் கண்டுபிடித்தார். மாற்ற நேரமில்லை. வாப்பா பிஸ்மி சொல்லி மேலே ஒரு கார்பெட்டை விரித்துவிட்டார்.

மாமா உள்ளே வந்து செய்த முதல் வேலை, அந்தக் கார்பெட்டைச் சுருட்டியது.

இதற்கு முன் பார்த்த வீட்டில், சுவர் ஒன்று பொந்தாய்க் கேட்டதென்று கொடுத்த சர்பத்தையும் குடிக்காமல் எழும்பிப் போனவராம் அவர். எனக்கோ கூட வந்த மாப்பிள்ளையை ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. நாசமாய்ப் போன டைலுக்காக அவரை விடுவதா?

மாமா குந்தியிருந்து தட்டிக்கொண்டு வந்தார். டக். டக். டக். நான் சர்பத் தட்டோடு போய் முதல் டைலில் ஏறி நின்றேன்.

"கொஞ்சம் நவுருங்க மகள்."

"சர்பத் குடிங்க மாமா."

"பிறகு குடிப்பம். நவுருங்க."

"ஐஸ் கரையிது மாமா."

உம்மா கண்ணாலேயே என்னைச் சுட்டார். நான் அசையவில்லை. மாமா பெருமூச்சு விட்டு என்னைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனார். அங்கேதான் இரண்டாவது டைல். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அதுவரை கதிரையில் இருந்த மாப்பிள்ளை, கிளாஸ் ஒன்றை எடுக்க எழும்பி வந்தார். வந்தவரின் குதிக்கால் சரியாக அந்த டைலில் பட்டது. 'டொக்.'

அவர் கீழே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"என்னடா சத்தம்?" என்றார் மாமா.

"கிளாஸ் தட்டில பட்டது மாமா."

"சரி, தள்ளு."

"குடிச்சிட்டுத் தள்ளுறன்."

ஒரு கிளாஸ் சர்பத்தை அவ்வளவு மெதுவாகக் குடித்த மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை.

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு டைலத் தவிர மத்ததெல்லாம் நல்லம்" என்றார். "இனி ரெண்டு பேரும் அதால இறங்குங்க. மகள், அந்தச் சர்பத்தத் தாங்க."