ஒருவேளை அக்கா

வீட்டைப் பூட்டி, மூன்று மாடி இறங்கி, தெருமுனை வரை போய், அங்கிருந்து திரும்பி வருவார். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத்தான். அடுப்பு அணைந்துதான் இருக்கும். இருந்தாலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடில்லை என்று கைக்குத் தெரிந்த பிறகே மறுபடியும் இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இது நடக்கிறது. கணவர் பஸ் டிரைவர். முதல் சில வருடங்கள் சலித்துக்கொண்டார். இப்போது தெருமுனை வந்ததும் தானாகவே நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். "போயிட்டு வா. அடுப்பு உன்னைத் தேடும்" என்கிறார்.

'ஒருவேளை' என்ற சொல் இல்லாமல் அவரால் பேச்சைத் தொடங்க முடியாது. ஒருவேளை லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால். ஒருவேளை எதிர்வீட்டுப் பூந்தொட்டி காற்றில் சரிந்து, கீழே யாராவது போய்க்கொண்டிருந்தால். அலுவலகத்தில் யாரோ விளையாட்டாக 'ஒருவேளை அக்கா' என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள். அக்கா கோபித்துக்கொள்வதில்லை. "சிரிங்க, சிரிங்க. ஒருவேளை நான் சொல்றது நடந்துச்சுன்னா என்னைத்தான் தேடி வருவீங்க" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது எந்த ஊர் நியாயமோ. நஷ்டப்பட்டவர்கள் முதன்முதலாகக் கூப்பிடும் தொலைபேசியை எடுப்பவர் அவர். காதில் மாட்டிய கருவியோடு, வாசலுக்கு மிக அருகே உள்ள மேஜையில் உட்கார்ந்திருப்பார். அந்த மேஜையைக் கேட்டு வாங்கினார். குரலை வைத்தே அவரால் விஷயத்தைச் சொல்லிவிட முடியும். வீடு எரிந்தவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். கார் கதவில் கீறல் விழுந்தவர்கள்தான் கத்துவார்கள். எல்லோருக்கும் அக்காவிடம் ஒரே வைத்தியம். "பதறாதீங்க. முதல்ல உக்காருங்க. உக்காந்தாச்சா? யாருக்கும் அடி இல்லையே? அப்பச் சரி, பொருள்தானே." பிறகு பெயர், முகவரி, நடந்த நேரம். பணம் கிடைக்குமா என்று கேட்டால், "நம்ம ஆளு நேர்ல வந்து பாப்பாரு" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அந்த ஆள்தான் நஷ்டத்தை மதிப்பிடுபவர். எரிந்த இடத்துக்கும் இடிந்த இடத்துக்கும் போய், எதனால் நடந்தது, எவ்வளவு போயிற்று, தரலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பவர். அதற்கு லைசென்ஸ் வேண்டும். 'தர முடியாது' என்றால் அது வேறொரு மாடியிலிருந்து கடிதமாகப் போகும். இத்தனை வருடத்தில் அக்கா ஒருவரிடம்கூட 'இல்லை' என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

இந்த வருடம் வந்தது. இனித் தொலைபேசியை இயந்திரமே எடுக்கும் என்றும், தொலைபேசிப் பிரிவில் இருப்பவர்கள் மதிப்பீட்டாளர் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் களவேலைக்கு மாற்றிக்கொள்ளலாம், வாங்காதவர்களுக்கு வருடக் கடைசியோடு வேலை முடிந்தது என்றும் கம்பெனி அறிவித்தது. வாய்ப்பு இரண்டு தடவை. பக்கத்து மேஜைக்காரி முதல் தடவையிலேயே பாஸாகி, இப்போது ஹெல்மெட்டும் பூட்ஸுமாகப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அக்கா தோற்றார்.

வீட்டில் இரண்டாவது சம்பளம் என்று ஒன்று இருந்தது. கணவரின் முதுகுவலி அதைப் பாதியாக்கிவிட்டது. நீண்ட தூரம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் டிப்போவில் உட்காரவைத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் உட்காரவைப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது. அதை அவர் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதே அக்காவின் பயத்தைக் கூட்டுகிறது.

பரீட்சைப் பயம் அக்காவுக்குப் பழையது. அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அப்பா மூட்டை தூக்கியவர். கடைசி வருட முடிவு வந்த அன்று, "அப்ப இனிமே பரீட்சையே இல்லையாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, அவ்ளோதான்" என்றார் மகள். அப்பா எதையோ தோளிலிருந்து இறக்கியவர்போல உட்கார்ந்தார். இப்போது அப்பா இல்லை. இருந்தால் என்ன சொல்வது என்று அக்கா யோசிப்பதுண்டு. படித்து முடித்தாயிற்று என்று எந்த நம்பிக்கையில் சொன்னோம்?

ஏன் தோற்றார் என்பதைக் கணவர்தான் கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேஜையில் மாதிரி வினாத்தாளை வைத்துக்கொண்டு அவர் கேள்வியை வாசிப்பார். "பூட்டிக்கிடந்த வீட்டுல குழாய் உடைஞ்சு தண்ணி நிறைஞ்சிருக்கு. வீட்டுக்காரங்க ரெண்டு மாசத்துக்கு மேல வீட்டுல இல்ல. இழப்பீடு உண்டா?"

அக்கா நகத்தைக் கடித்தார். "ரெண்டு மாசம் எங்க போயிருப்பாங்க? ஒருவேளை யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்தா?"

"அது கேள்வியில இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் நீ ஏன் கேக்குற?"

"பூட்டிட்டுப் போறவங்க சும்மாவா போவாங்க?"

"தாயே, நீ ஃபோனை எடுக்கல. பரீட்சை எழுதுற. விடை 'இல்லை'. ரெண்டு மாசத்துக்கு மேல காலியா கெடந்தா இல்லை. சொல்லு பாப்போம்."

அக்கா சொன்னார். 'இல்லை'யின் முடிவில் குரல் மேலே ஏறி அது கேள்வியாகிவிட்டது.

தோற்றுவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் புரிந்தது. இன்னொரு பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாஸாகிவிட்டால், எரிந்த வீட்டின் நடுவே நின்று, காத்திருக்கும் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதவேண்டும். படிக்கப் படிக்க இரண்டு பயமும் சேர்ந்தே வளர்ந்தன. உள்ளங்கை வியர்த்துப் புத்தகத்தின் ஓரங்கள் அலையலையாக நெளிந்தன.

ஒரு விடுமுறை நாள் காலையில், தீவிபத்துப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, "புகை வாசனை வருது" என்றார்.

"பாடத்தை ரொம்ப உள்ள வாங்காத" என்றார் கணவர், படுக்கையிலிருந்து.

கீழே யாரோ கத்தினார்கள். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் லாண்டரி எரிந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த ஒன்று வந்துவிட்டபோது அக்கா கத்தவில்லை. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் கதவுகளைத் தட்டியபடி இறங்கினார். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. யாருக்கும் அடியில்லை. அக்கா எதிர்ப்பக்க நடைபாதையில் போய் உட்கார்ந்தார். மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

லாண்டரிக்காரர் அக்காவைவிட வயதில் சிறியவர், வாயாடி. தெருவில் பாதிப் பேருடைய துணி போய்விட்டது. துணியைப் பறிகொடுத்தவர்கள் வந்து கேட்கும்போதெல்லாம், "கல்யாணத்துக்குப் போட்ட கோட்டா? அப்பவே சொன்னேனே, அது உங்களுக்குப் பத்தலைன்னு" என்று சிரிக்கவைத்து அனுப்பினார். சில நாளில் அந்தக் கூட்டம் ஓய்ந்ததும் அக்காவிடம் வந்தார்.

"அக்கா, பாலிசி இருக்கு. உங்க கம்பெனி இல்ல, வேற. ஒரு தவணை விட்டதில்ல. அவங்க ஆளு வந்து படம் புடிச்சுட்டுப் போயிட்டாரு. கேட்டா, 'தகவல் வரும்'ங்கிறாரு. கிடைச்சிடும்ல?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் இன்னும் பாஸே பண்ணல."

"அதான் சொல்றேன். உள்ள வந்து பாருங்க. உங்களுக்குப் படிச்ச மாதிரியும் ஆச்சு, எனக்குத் தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு."

அக்கா யோசித்தார். மேலே பார்த்தார், கூரை தாங்குமா என்று. ஆட்கள் வந்து சோதித்துவிட்டார்கள், தாங்கும் என்றார் லாண்டரிக்காரர். "சரி, பரீட்சை முடிஞ்சதும் சொல்றேன்" என்றார் அக்கா. அதுதான் ஒப்பந்தம்.

மாலை வேளைகளில் டார்ச்சோடு உள்ளே போனார். ஈரக்கரியின் வாசனை தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததெல்லாம் அங்கே சுவரில் இருந்தது. தீ கீழே குறுகலாகத் தொடங்கி, மேலே விரிந்துகொண்டே போகும். அது விட்டுப்போன கரித்தடத்தின் கூர்முனையைத் தேடு என்றது பாடம். தேடினார். அலமாரி மரம் வாசல் பக்கம் வெறுமனே கறுத்திருந்தது. உள்ளே போகப் போக முதலைத்தோல்போல் வெடித்திருந்தது. தடம் குறுகிக் குறுகி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் முதுகுப்புறம் வந்து நின்றது. சூடான காற்று வெளியேறும் குழாய் முழுக்கத் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அடைத்துக் கரியாகிக் கிடந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து பார்த்தார். அந்த நிமிடத்தில் அவருக்குப் பயமே இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் மட்டும் இருந்தது. அடுத்த நிமிடம், சந்தோஷப்பட்டதை நினைத்துப் பயந்தார்.

"இது எப்ப வாங்குனீங்க?"

"போன வருஷம்க்கா. முன்னாடியெல்லாம் துணியை வாங்கி, வெளிய அனுப்பி, வாங்கிக் குடுப்பேன். இது வந்தப்புறம்தான் கடை கடையா இருந்துச்சு."

"பாலிசி?"

"அது கடை தொடங்குனப்பவே எடுத்தது."

"இது வாங்குனதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? என் கடை, என் மெஷினு."

அக்கா டார்ச்சை அணைத்தார். ஆபத்தைக் கூட்டும் எந்த மாற்றத்தையும் தெரிவிக்கவேண்டும், தெரிவிக்காத ஒன்றிலிருந்தே நஷ்டம் வந்தால் கம்பெனி பொறுப்பில்லை. அந்தப் பாடத்தை அவர் பலமுறை படித்தும் மனதில் நின்றதில்லை. இப்போது நின்றுவிட்டது.

"ஏன்க்கா விளக்கை அணைச்சிட்டீங்க?"

"பரீட்சை முடியட்டும். சொல்றேன்."

அன்று சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "சொல்லிடு" என்றார் அவர்.

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"ஒருவேளை நான் தப்பா இருந்தா? இன்னும் பாஸ் பண்ணாத ஆளு."

"சரி, பாஸ் பண்ணிட்டுச் சொல்லு."

"பாஸ் பண்ணிட்டா, அடுத்த கம்பெனி கிளெய்மைப் பத்தி மதிப்பீட்டாளர் கருத்து சொல்லக்கூடாது. விதி இருக்கு."

கணவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "நல்ல படிப்புதான். தப்பிச்சு ஓட முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு கதவு."

லாண்டரிக்காரர் காத்திருக்கவில்லை. கருகியதை அள்ளிக் கொட்டினார். தச்சரை வரவழைத்துப் புது அலமாரிக்கு அளவு கொடுத்தார். "கிளெய்ம் வந்ததும் மொத்தமா செட்டில் பண்ணிடறேன்" என்று அவர் சொல்வது படிக்கட்டு வரை கேட்டது. அக்கா பின்பக்கப் படியில் இறங்கத் தொடங்கினார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, மூக்கைப் பொத்திக்கொண்டு. ஒவ்வொரு நாளும் அந்தக் கடையில் புதிதாக ஒரு பலகை ஏறியது. ஒவ்வொரு பலகையும் அக்காவின் மார்பில் ஏறியது. சொல்லியிருந்தால் இதையாவது நிறுத்தியிருப்பாரே என்று நினைப்பார். நினைத்தபடியே அடுத்த பாடத்தைத் திறப்பார்.

பரீட்சைக்கூடத்தில் வெளியேறும் கதவை ஒட்டி இடம் கிடைத்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. பாதியைத் தாண்டியபோது ஒரு பேக்கரிக்காரர் வந்தார். வெளியிலிருந்து ரொட்டி வாங்கி விற்பதாகச் சொல்லிப் பாலிசி எடுத்தவர். பிறகு கடைக்குள்ளேயே அடுப்பு வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து தீ.

கொடுத்திருந்த விடைகளில் 'பாதி தரலாம்' என்று ஒன்று இருந்தது. அக்காவின் விரல் அதன் அருகே போய் நின்றது. ஒருவேளை அந்தப் பேக்கரிக்காரருக்குச் சொல்லவேண்டும் என்று தெரியாமல் இருந்திருந்தால்? கண்ணுக்குத் தெரிந்தது லாண்டரிக்காரரின் முகம். டிப்போவில் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கணவரின் முதுகும் தெரிந்தது. விரல் கீழே இறங்கி 'தர வேண்டியதில்லை' என்பதைத் தொட்டது. நஷ்டப்பட்ட ஒருவருக்கு அவர் சொன்ன முதல் 'இல்லை'. அதையும் இல்லாத ஓர் ஆளிடம் சொன்னார்.

எல்லையைத் தொட்டும் தொடாமலும் பாஸ். எந்தக் கேள்வி கரையேற்றியது என்று அக்கா ஆராயவில்லை. ஆராய்ந்தால் தெரிந்துவிடும். பக்கத்து மேஜைக்காரி ஃபோனில் கூச்சலிட்டாள், "அக்கா, இனிமே நாம ரெண்டு பேரும் பூட்ஸ்!" கணவர் அவர் தலையில் கைவைத்து ஒருமுறை அழுத்தினார்.

லைசென்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிய சாயங்காலம், குப்பை வண்டி பின்வாசலை மறித்துக்கொண்டு நின்றது. முன்பக்கமாகத்தான் போகவேண்டியிருந்தது. லாண்டரிக்காரர் ஏணியில் நின்று கடையின் நெற்றிக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். ஏணியின் ஒரு கால் நடைபாதைக் கல்லில் சரியாக உட்காராமல் லேசாக ஆடியது.

"அக்கா! பாஸாமே! அண்ணன் சொன்னாரு!" தூரிகையிலிருந்து நீலச் சொட்டுகள் விழுந்தன. "எங்க கடையில படிச்ச படிப்பு, பாஸாகாம இருக்குமா? இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க. கிடைக்குமா, கிடைக்காதா?"

அக்கா பையைத் தரையில் வைத்தார். வாய் ஒருமுறை திறந்தது. பிறகு ஏணியின் அடியில் போய் நின்று, ஆடிய காலைத் தன் செருப்புக்காலால் அணைகொடுத்து, இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா? கேட்டுச்சா?"

"பாத்து அடிங்க" என்றார் அக்கா, நிமிராமல். "நான் புடிச்சிருக்கேன்."