சூளையை மூலையில் தள்ளிய கேம்

1. இரண்டு கேம்கள்

வெள்ளிக்கிழமை காலை கொத்தனார் கடைக்கால் தோண்ட வருவதாக இருந்தது. புதுச் சூளைக்கு நான் குறித்த இடமே தப்பு என்று எனக்கு உறைத்தது வியாழக்கிழமை மதியம்.

விருத்தாசலத்தில் ஜாடியும் பொம்மையும் செய்கிற ஒரு செராமிக் யூனிட்டில் நான் அப்போது சூப்பர்வைசர். எட்டு வருடம் மோல்டு போட்டுவிட்டு, அந்த நாற்காலிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த சமயம். அசெம்பிள் செய்து கொடுத்தவர் போகிற போக்கில் இரண்டு கேம் போட்டுவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் அதுதான் எனக்கு வேலை.

முதலாவது ஊர் கட்டும் கேம். ரோடு போடலாம், கரண்டு இழுக்கலாம், ஃபேக்டரி வைக்கலாம். எல்லாம் மேலிருந்து பார்க்கிற பார்வை. அதில் மனிதர்களே கண்ணில் பட மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஃபேக்டரி வைத்தால் புகை பிடித்து வீடுகள் காலியாகும். அதனால் புகை வருகிற எதையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். தப்பாகப் போனால் இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டலாம்.

இரண்டாவது ராட்டினம், ரயில் எல்லாம் வைத்து பார்க் நடத்தும் கேம். இதிலும் கட்டுவதுதான் வேலை. ஆனால் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற ஒவ்வொருவரும் நடப்பது தெரியும். ஒருவர் மேல் கிளிக் செய்தால் அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதி வரும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. தாகம், களைப்பு, வழி தெரியவில்லை என்று சதா குறை. ஊர் கட்டும் கேம்தான் கெட்டிக்காரன் ஆடுவது என்று ஆபீசில் பேசிக்கொண்டு திரிந்தேன்.

பழைய சூளை வெடிப்பு விட்டுவிட்டது. பெரிதாக ஒன்று கட்டலாம் என்ற முதலாளி, இடம் குறிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். "உன்ன நம்பித்தான் உடுறேன்" என்றார். ஊர் கட்டும் கேமில் கற்ற பாடப்படி, புகை ஆகாது என்று சூளையைக் காம்பவுண்டு ஓரம் கடைசி மூலையில் வைத்தேன். காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகு. சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று.

2. வியாழக்கிழமை மதியம்

அன்று பார்க் கேமில் கக்கூஸைக் கடைசி மூலையில் வைத்துவிட்டேன். கிளிக் செய்த ஆளெல்லாம் இவ்வளவு தூரமா என்று இங்கிலீஷில் புலம்பினார்கள். எரிச்சலில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே, எங்கள் யூனிட்டில் வேலை பார்க்கும் ரெஜினாக்கா, ஈர ஜாடிகள் வைத்த பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு காய வைக்கிற ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இதே பலகை நான் கோடு போட்ட மூலை வரைக்கும் போயாக வேண்டுமே. ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஏக்கா, காஞ்ச ஜாடிங்களப் புதுச் சூளைக்கு எப்படிக் கொண்டு போவீங்க?"

"இதே மாதிரி பலகையிலதான் சார். வேற எப்படி?"

"மழை வந்தா?"

"சுடாத மண்ணுதானே சார். கரைஞ்சி போவும்."

ஷெட்டுக்கும் மூலைக்கும் நடுவில் முழுக்கத் திறந்தவெளி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு ஜாடிகூடச் சூளைக்குள் போகாது. இதற்கு இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டும் வசதியும் கிடையாது. கட்டிய சூளையைப் பிரித்தால் பாதிச் செங்கல் தேறாது. என் நாற்காலியும் தேறாது.

முதலாளியிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன்.

"நாளைக்கு ஆளு வரான், இன்னிக்கி வந்து சொல்றியே. வெளையாடுறியா?"

"ஆமாங்க. கேம்ல பாத்துதான் அங்க வச்சேன். தப்பு என்மேலதான்."

அவர் முறைத்தார். பிறகு ஷெட்டிலிருந்து மூலை வரைக்கும் நடந்தார். திரும்பி வரும்போது துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வெறுங்கையோட நடந்தே வேர்க்குது. ஷெட்ட ஒட்டி கெடக்குற உடைசல இன்னிக்கே அள்ளச் சொல்லு. சூள அங்கியே வரட்டும். கூரையையும் சேர்த்துப் போட்டுடலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த யூனிட்டில் உட்கார்ந்ததே இல்லை.

3. எது நல்ல கேம்

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் எது நல்ல கேம் என்று கேட்கிறார்கள். இரண்டும் நல்ல கேம்தான், ஆடுங்கள். ஊர் கட்டும் கேம் மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்கப் பழக்கும். பார்க் கேம் நாம் வைத்த இடத்துக்கு யார் நடக்கிறார்கள் என்று காட்டும். ஆனால் இரண்டிலும் இல்லாத ஒன்றை அன்று சாயங்காலம்தான் கற்றேன்.

உடைசலை அள்ளிக்கொண்டிருந்த ரெஜினாக்காவிடம், "நல்லவேளைக்கா, நேரத்துல கண்டுபுடிச்சோம்" என்றேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார். "கோடு போட்ட அன்னிக்கே எங்க எல்லாருக்கும் தெரியும் சார். எங்கள யாரு கேட்டாங்க?"