ஒன்றும் செய்யாத மெஷின்

என் நாத்தனாருக்கு அலுவலகத்தில் ‘சென்சஸ்’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆனால் அதைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. என் கணவரே, அதாவது அவளுடைய சொந்த அண்ணனே, "சென்சஸ் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே பார்சல் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் புகார்ப் பிரிவு. திரை கறுத்துவிட்டது, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கம்பெனிக்குள் யார் அலறினாலும் அந்த அலறல் என் காதில்தான் வந்து விழும். அவளுடைய வேலை எண்ணுவது. எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக சர்வர் கிடையாது, எல்லாம் கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியிடம், வாடகைக்கு எடுத்தவை. உட்கார்ந்த இடத்தில் யார் ஒரு பட்டனைத் தட்டினாலும் எங்கோ ஒரு மெஷின் எழுந்து நிற்கும். எழுப்புகிறவர்களுக்கு அதைத் திரும்பப் படுக்க வைக்கிற பழக்கம்தான் இல்லை. எந்த மெஷின் யாருடையது, எதற்கு, அது நின்றால் கூடவே என்னென்ன நிற்கும் என்பதையெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் பதிந்து வைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் மேஜை மேஜையாகப் போய், "புதுசா ஏதாவது ஏத்தினீங்களா?" என்று கேட்பாள். ஆளாளுக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்.

ஒருவர் மட்டும் மறைக்க மாட்டார். வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் பிரிவில் ஓர் இன்ஜினியர், பெயர் தாடி. தாடியை எடுத்து வெகுநாளாயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. சென்சஸ் தூரத்தில் வரும்போதே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஒண்ணு இருக்குங்க. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

வாரம் தவறாமல் ஒரு மெஷின், வாரம் தவறாமல் ஒரு மறதி. மற்ற மேஜைகளில் நின்றும் நிற்காமலும் நகர்கிறவள் அங்கே மட்டும் வேரூன்றிப் போவாள். ஒரே ஒரு மெஷினைப் பற்றி அப்படி என்ன விசாரணையோ. கேட்டால், "உண்மைய சொல்ற ஒரே ஆள் அண்ணி, நின்னு பேச வேண்டாமா?" என்பாள். வந்த வரன்களுக்கெல்லாம் ஒவ்வொரு நொட்டைச் சொல் சொல்லித் தட்டிக் கழித்தவள் இவள்தான். நானும் என் கணவரும் வாயே திறக்கவில்லை. இவளை அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான், யாரும் பதியாத ஒரு மெஷின் திடீரென்று நின்றுபோனது. அன்று முழுவதும், கிளம்பிய பார்சலெல்லாம் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்து இறங்கின. மேனேஜர் மெத்தைப் பார்சல்களுக்கு நடுவில் வழி தேடி உள்ளே வந்தார்.

"கேட்டு கேட்டு எழுதினது போதும்மா. தானா கண்டுபிடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணு. வேலை இல்லாத மெஷின் எதுவும் இருக்கக் கூடாது, யாரோடதா இருந்தாலும் சரி."

பண்ணினாள். அவள் எழுதிய புரோகிராம் நம் ஆட்கள் யாரையும் கேட்காது. நேரே கிளவுட் கம்பெனியிடமே போய், ‘எங்கள் பெயரில் இப்போது என்னவெல்லாம் ஓடுகிறது’ என்று கேட்டு, வந்த பதிலைத் தரவுத்தளத்தில் எழுதிவிடும். உரிமையாளர் பெயர் இல்லாத மெஷினை முதலில் நிறுத்தி வைக்கும். அதற்கு எங்கள் தொழிலில் அலறல் சோதனை என்று பெயர். நிறுத்திவிட்டு, யார் அலறுகிறார்கள் என்று காத்திருக்க வேண்டும். அலறினால் பதிவு, இல்லாவிட்டால் அழிப்பு. அலறலைக் கேட்க வேண்டிய காது என்னுடையது.

முதல் நாள் ஓட்டியபோது திரையில் மெஷின்கள் கொட்டோ கொட்டென்று கொட்டின. வேலையை விட்டே போய்விட்டவர் எழுப்பியது, கைவிட்ட திட்டத்துக்காக எழுப்பியது, மதிய இடைவேளையில் சீட்டாட எழுப்பியது. ஒவ்வொருவராகக் கையும் களவுமாக அகப்பட்டார்கள். என் போன் அடித்த அடியில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனால் அவ்வளவு சிரித்த நாள் என் உத்தியோகத்தில் இல்லை. சீட்டாட்ட மெஷின் மேனேஜருடையது.

"இத மட்டும் விட்டுடேன்மா," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி.

"வேலை இல்லாத மெஷினுக்கு இடம் இல்ல சார். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. நீங்க போட்ட விதிதான்."

அன்று மாலை அவளுக்குக் கால் தரையில் படவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று என் கணவர் என்னைக் கேட்டார். ஜெயித்துவிட்டாள் என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள். போய் யாரிடம் என்ன கேட்பது? எல்லாம்தான் தானாக வந்து விழுகிறதே. திரும்பி வந்து உட்கார்ந்தவளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆசை ஆசையாகச் செய்த புரோகிராம், அவளுக்கு இருந்த ஒரே சாக்கையும் தின்றுவிட்டது. அடிப் பாவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாளே ஒரு மெஷின் சிக்கியது. வழி போடும் பிரிவின் பொதுக் கணக்கிலிருந்து எழுப்பியது, உரிமையாளர் பெயர் இல்லை, ஒரு வேலையும் செய்யவில்லை. புரோகிராம் அதை நிறுத்தியது. போன் அடிக்கவில்லை. பதிலாக, தாடியே படியேறி என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"மெஷின் ஒண்ணு நின்னுடுச்சுங்க."

"அது என்ன வேலை செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணும் செய்யாதது நின்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த இவளுடைய மேஜையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை அவங்க வந்து கேட்டா, சொல்றதுக்கு ஒண்ணு வேணும்ல. அதுக்குத்தான் வாராவாரம் ஒண்ணு ஏத்துவேன். இந்த வாரம் வரவே இல்ல."

எனக்கு எழுந்து ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து அடக்கிக்கொண்டு, ஆளைக் கையோடு இழுத்துப் போய் இவள் முன்னால் நிறுத்தினேன். "இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே இவகிட்ட சொல்லுங்க," என்றேன். மனிதர் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

இவள் காது மடல் வரை சிவந்தாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"வேலை இல்லாத மெஷினுக்கு இடம் இல்லைங்க," என்றாள் மெல்ல. என் கண் எதிரிலேயே அழித்தாள்.

தாடி தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கடைந்தவளே உடைத்து அன்றுதான் பார்த்தேன்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒரே ஒரு மெஷின விட்டு வெச்சா கம்பெனி முழுகிடுமா?"

"மேனேஜரோடத அழிச்சேனே அண்ணி. எனக்குன்னா மட்டும் வெச்சுக்கலாமா?"

"அப்ப அந்த மனுஷனுக்கு என்ன பதில்?"

அவள் எழுந்தாள். பேனா எடுக்கவில்லை, எதையுமே எடுக்கவில்லை. படியிறங்கினாள். நான் போன் அடிக்காதபடி ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். நாகரிகம் இல்லைதான், ஆனால் யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்.

வழி போடும் பிரிவில் அவளைக் கண்டதும் எல்லோரும் திரையை அவசரமாக மாற்றினார்கள். அவள் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தாடியின் மேஜைக்கு நேரே போய் நின்றாள். அவர் எழுந்து நின்றார்.

"எங்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்லைங்களே," என்றார்.

"தெரியும்," என்றாள் சென்சஸ். "நான் சும்மாதான் வந்தேன்."