பஸ் திரும்புகிற இடம்

என் தங்கச்சியின் வாசலில் ஒரு பஸ் நின்றது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது டிப்போ பஸ். மாலையில் புத்தளத்திலிருந்து பாலாவி வழியாக அவளுடைய ஊருக்கு வந்து, இரவு அங்கேயே நின்று, விடிந்ததும் திரும்பிப் போகும். எங்கள் பக்கத்தில், பஸ் தங்குகிற ஊர்தான் ட்றைவருக்கும் கொண்டக்டருக்கும் சோறும் பாயும் கொடுக்க வேண்டும். சட்டம் ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால் பஸ் வேறு ஊரில் போய்த் தங்கும், அவ்வளவுதான். தங்கச்சியும் அவள் புருஷனும் முன் அறையை ஒதுக்கி, ஃபேன் பூட்டி, இரவுக்கு மீன் ஆணம் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதோடு பஸ் அவளுடையதாகிவிட்டது. "எங்கட பஸ்" என்றுதான் சொல்வாள்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது ஒரே வள்ளத்தில், உம்மாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வந்தவர்கள் நாங்கள். கற்பிட்டியில் இறங்கும்போது இருவர் கையிலும் ஒன்றுமில்லை. இப்போது அவளுக்குப் பஸ், எனக்கு மணல் றோட்டு.

என் மகள் உயர்தரம் படிக்கப் புத்தளத்துக்குப் போகத் தொடங்கியதும் வயிற்றெரிச்சல் கூடியது. எங்கள் ஊரிலிருந்து பிரதான வீதிக்கு அவள் நடந்து போவதற்குள் வியர்த்துவிடும். வருகிற பஸ்ஸும் ஆட்கள் நிறைந்து, நிற்காமலே போகும். பிந்திப் போகிற பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள்.

"ராத்தா, பிள்ளைய எங்கட வீட்டில விடுங்க. எழும்பினா பஸ்ஸில ஏற வேண்டியதுதானே" என்றாள் தங்கச்சி.

விட்டேன். வேறு என்ன செய்ய? ஞாயிறு பின்னேரம் போகிற பிள்ளை வெள்ளிக்கிழமை வருவாள். வந்து வாயைத் திறந்தால் தங்கச்சியின் புராணம்தான்; அவளுக்குச் சாச்சி. சாச்சி இப்படித்தான் தலை பின்னுவா, சாச்சி வட்டிலப்பத்துக்கு ஏலம் கூடப் போடுவா. ஒரு நாள் என் பருப்பை நக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடோணும் உம்மா" என்றாள். பீங்கானைத் தூக்கி எறியாமல் இருந்தேன். அது பெரிய காரியம்.

பஸ் எங்கள் ஊருக்குள்ளும் வந்து போனால் பிள்ளை என் வீட்டில் படுப்பாள். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர் அதற்கு முன்பே ஒரு மடத்தனம் செய்து வைத்திருந்தார்கள். ஹோல்ட்டைக் கட்டினால் பஸ் தானாக வரும் என்று, பிரதேச சபையிடம் பஸ் தரிப்பிடம் கேட்டு வாங்கினார்கள். சபையும் கட்டித் தந்தது. கொங்கிரீட், ஓடு, நீல நிறப் பூச்சு. கட்டியது எங்கே? றோட்டு முடிகிற இடத்தில், ஒரு பஸ் திரும்பக் கூடியதாக ஊரில் இருந்த ஒரே வெளியில். அதற்குள் ஆடுகள்தான் படுத்தன.

டிப்போவிலிருந்து பார்க்க வந்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இதக் கட்டினது பஸ் வாறதுக்கா, வராம இருக்கிறதுக்கா?"

நான் சபைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

"உடைக்கேலாது அக்கா. அது சபைச் சொத்து. பஸ் வராத ஊருக்கு ஏன் ஹோல்ட் கேட்டீங்க?"

"பஸ் வரத்தான்."

"அப்ப டிப்போவில போய்ப் பஸ்ஸக் கேளுங்க."

"அவங்க ஹோல்ட்ட உடைக்கச் சொல்றாங்க."

"அத அவங்க எழுதித் தரட்டும்."

டிப்போவில் கேட்டால், சபை எழுதித் தரட்டும் என்றார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடந்து என் செருப்பு தேய்ந்தது. அந்த அலைச்சலில் ஒரு நாள் தங்கச்சியின் வீட்டில் தண்ணீர் குடிக்க ஏறினேன். என் மகள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். தங்கச்சி அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே, "ஏன் ராத்தா வெயிலுக்குள்ள அலையிறீங்க? பிள்ளைக்கு இங்க என்ன குறை?" என்றாள்.

நான் தண்ணீரைக் குடிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, வேலியைப் பிரிக்கச் சொன்னேன். தரிப்பிடத்துக்கு எதிரே இருப்பது எங்கள் வெங்காயத் தோட்டம். அதன் மூலையை விட்டால் பஸ் திரும்பும்.

"வெங்காயம் இன்னும் முத்தல்ல" என்றார் என் மனிசன்.

"பிடுங்குங்க."

"உனக்கு உன்ட தங்கச்சியோட போட்டி. அதுக்கு என்ட வெங்காயமா?"

"ஓம்" என்றேன்.

அவர் மண்வெட்டியைத் தூக்கி வீசினார். ஆனாலும் பிடுங்கினார். ஊர்ப் பொடியன்கள் கிரவல் கொண்டுவந்து கொட்டி இறுக்கினார்கள். பரீட்சித்துப் பார்க்க வந்த பஸ் ஒரு தரம் பின்னுக்கு எடுத்து, எங்கள் நிலத்தில் திரும்பி நின்றது. இறங்கிய கொண்டக்டர் சிங்களம் கலந்த தமிழில் "ஹரி, சரி அக்கா, இனி வாறது" என்றார். தேத்தண்ணீர் கொடுத்தேன். தங்கச்சி வீட்டுத் தேத்தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "அங்க சீனி கூடிப் போகும்" என்றார். இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

அடுத்த வாரம் சபையிலிருந்து ஆட்கள் வந்து, தரிப்பிடத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெங்காயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மகள் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். முதல் கிழமை எங்கள் ஊரிலிருந்தே பஸ் ஏறினாள். பிறகு ஒரு நாள், "வியாழக்கிழமையில மட்டும் சாச்சி வீட்டில நிற்கட்டா உம்மா?" என்றாள்.

"ஏன்? பஸ் வருதுதானே."

"சாச்சி பாவம். அவவுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்ல."

"எனக்கும் ஒண்டுதான் இருக்கு" என்றேன்.

முகத்தைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனாள். போகட்டும். என் வீட்டுக்குள்ளேதானே கோபிக்கிறாள்.