அரசாங்கச் சேறு

அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை. விண்ணப்பம் எப்படி எழுதுவது என்றுதான் விசாரிக்கிறார்கள். அன்று வந்தவர் கடலுக்கு அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர். கடல் முன்பெல்லாம் அவர் கடைக்குப் பின்னால் மரியாதையாக நின்றுகொள்ளும். இப்போது பௌர்ணமிதோறும் உள்ளே வந்து அரிசி மூட்டைகளைத் தொட்டுப் பார்க்கிறது.

“பின்னாடி சேத்துல அலையாத்தி நட்டா தண்ணி வேகம் கொறையுமாம் சார். கன்னு ரெடி. ஞாயித்துக்கெழம நட்டுடவா?”

“அனுமதி இல்லாமலா? அது அரசாங்கச் சேறு, பாய்.”

“அரே, சேத்துக்குமா ஃபைலு?”

சேற்றுக்குத்தான் முதலில் ஃபைல். உலகம் சூடாவதை நிறுத்தும் அதிகாரம் எங்கள் இருவருக்கும் வழங்கப்படவில்லை. நான்கு பிரதி எடுக்கும் திறமை எனக்கு இருந்தது. எடுத்தேன். இட ஆய்வுக்கான தேதியையும் நானே கேட்டு வாங்கினேன். விடுமுறை இல்லை, முக்கியப் பிரமுகர் வருகை இல்லை, சாத்தம் துறையிலிருந்து அக்கரைக்கு ஃபெர்ரி வசதி உண்டு. எல்லாம் பார்த்தவன், கடல் எப்போது ஏறும் என்று மட்டும் பார்க்கவில்லை.

பௌர்ணமியன்று காலை பத்து மணி. ஆய்வுக்கு வந்த வனத்துறை அதிகாரியம்மா கடைக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்.

“ஜமீன் கிதர் ஹை?” என்றார். நிலம் எங்கே? நியாயமான கேள்வி.

“நீச்சே ஹை மேடம், கீழ இருக்கு!” என்ற பாய், என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதிகாரியம்மா ‘நடுவதற்கு நிலம் இல்லை’ என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். அந்த ஒரு வரி விழுந்தால் ஃபைல் மூடப்படும். மறுபடி திறப்பதற்குள் பையிலிருக்கும் கன்றுகள் காய்ந்துவிடும், கடையும் இன்னொரு மழைக்காலம் தாங்காது.

“ஒரு சாய் குடிச்சிட்டு எழுதுங்க மேடம்” என்று பாய் கடைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பாதி கிளாஸ் முடிவதற்குள் கடல் பின்வாசலைத் தாண்டி வந்து அதிகாரியம்மாவின் செருப்புகளை மிதக்கவிட்டது. அவர் கால்களை மெல்ல அரிசி மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

“தினமும் இப்படியா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“பெரிய ஏத்தத்துக்கெல்லாம் உண்டு மேடம். கடலு இன்னும் சாய் மட்டும்தான் கேக்கல.”

ஃபைலை மடியில் வைத்தே எழுதினார்: ‘நிலம் மாலையில் தெரியும். நடலாம்.’ பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய குறிப்பு எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

நட்டவற்றில் பாதியை அலை கொண்டுபோனது. வேறு கன்று வைக்கப் புது விண்ணப்பம் வேண்டுமா என்று பாய் கேட்டார். வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்று ஒன்றை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.